பகவதிபுரத்துக்கு மேற்கே

குடும்ப விசேஷம் என்று எழுதிக்கொடுத்து
மூன்று நாள் லீவு.
விசேஷம் உண்மைதான்:
முன்னால் ஓர் எஞ்சின், பின்னால் ஓர் எஞ்சின்,
நடுவில் பதினாலு பெட்டி.
மலையேற்றத்தில் முன்னது இழுக்கும், பின்னது தள்ளும்.
அதைப் படம் பிடிக்கத்தான்
பாளையங்கோட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்தோம்
நானும் ஜெயசிங்கும்.

செங்கோட்டை லாட்ஜில் ஏழாம் நம்பர் அறை.
"குத்தாலத்துல குளிக்கவா?"
"இல்ல, ரயில் பாக்க."
மேனேஜரின் பேனா ஒரு கணம் நின்று
லெட்ஜரில் 'அருவி' என்றே எழுதியது.

முதல் நாள் மழை.
சாரலுக்கு ஒரு மரியாதை உண்டு,
தொட்டுவிட்டு விலகும்.
இது கணவாய் வழியே
மேற்கு கொட்டித் தீர்த்த மிச்சம்.
லென்ஸ் துடைத்த துண்டைத் துடைக்க
இன்னொரு துண்டு.
எடுத்தது நாற்பது படம்,
நாற்பதிலும் வெள்ளை.
ஒன்றில் மட்டும் வெள்ளைக்குள் ஒரு மஞ்சள் பொட்டு.
ஜெயசிங் அதை ரயில் என்றான்.
நான் வாதாடவில்லை.

இரண்டாம் நாள்
சர்பத் குடிக்கப் போன ஐந்து நிமிஷத்தில்
ஒரு வண்டி கடந்துபோனது.
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

மூன்றாம் நாள் காலை
பகவதிபுரத்துக்கு மேற்கே,
தண்டவாளத்துக்கு எட்டி ஒரு தேக்கு மேடு.
வளைவு முழுசாய்த் தெரிந்தது.
மலை முகம் கழுவி உட்கார்ந்திருந்தது.
வண்டிக்கு இன்னும் நாற்பது நிமிஷம்.

கட்டை கட்டையாய்க் கால் வைத்து
ஒருத்தி வந்தாள்.
ஆரஞ்சுச் சட்டை, தோளில் சுத்தியல், இடுப்பில் சுருட்டிய கொடி.
பதவி கீமேன். பெயர் முப்பிடாதி.
ஒவ்வொரு கிளிப்பையும் கண்ணால் எண்ணி
தளர்ந்ததற்கு ஒரு தட்டு.
அந்தச் சத்தம் வளைவைச் சுற்றிப் போய்
அவளுக்கே திரும்பி வந்தது.

திட்டப்போகிறாள் என்று நினைத்தோம்.
"அந்தக் குழலு எம்புட்டு தூரம் பாக்கும்?"
"ரொம்ப தூரம்."
"அப்போ அந்தப் பாறையப் பாத்துச் சொல்லுங்க.
அடியில நேத்து இல்லாத கோடு ஒண்ணு
என் கண்ணுக்குத்தான் தெரியுதா?"

வெட்டுச்சுவரில், பத்தாள் உயரத்தில்,
பீரோ அளவுக்கு ஒரு கல்.
என் லென்ஸ் வாங்கிய நாளிலிருந்து
ரயிலைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.
அன்று ஒரு விரிசலில் போய் நின்றது.
மண் புதுசு.
அதில் அறுந்து தொங்கியது
வெயிலே பார்த்திராத ஒரு வெள்ளை வேர்.

திரையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
கேமராவிலிருந்து என் செல்லுக்கு,
அங்கிருந்து அவள் சொன்ன நம்பருக்கு.
ஒரு கோடு சிக்னலுக்காக ஜெயசிங்
செல்லைத் தலைக்கு மேல் ஏந்தி
மேட்டில் ஏறினான், தீர்த்தக்குடம் கொண்டுபோகிறவன் மாதிரி.
அதற்குள் அவள் சிவப்புக் கொடியை விரித்து
வண்டி வரும் திசையில் நடந்துகொண்டிருந்தாள்.
ஓடவில்லை.
நடையில்தான் அவசரம் இருந்தது.

ஸ்டேஷனில் வண்டி நின்றுவிட்டது.
இரண்டு எஞ்சினும் இருந்த இடத்திலேயே முனகின.
ஜன்னல் கம்பியில் முகம் பதித்து ஒருவர்,
மடியில் பட்டுவேட்டிப் பெட்டி:
"என்னவாம்? புனலூர்ல பத்தரைக்கு முகூர்த்தம்."
பக்கத்து சீட் சொன்னது:
"எவனோ போட்டோ எடுத்தானாம்லா, அதான்."
ஜெயசிங் கேமராவை மெல்லப் பைக்குள் வைத்தான்.

அப்படி நின்ற வண்டியை
எப்படி வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம்.
எடுக்கத் தோன்றவில்லை.

கல்லைக் கம்பி கட்டி இறக்க மத்தியானம் ஆகுமாம்.
ஸ்கூட்டர் ஜெயசிங்கின் மச்சானுடையது,
சாயந்திரத்துக்குள் திருப்பித் தரவேண்டும்.
புளியரை வயலோரம் போகையில்
முதுகுக்குப் பின்னால் ஒரு ஹார்ன்.
சற்றுப் பொறுத்து, தள்ளி, இன்னொன்று.
முன்னது கேட்டது, பின்னது சரி என்றது.
ஜெயசிங் வண்டியை ஓரங்கட்டி
ஹெல்மெட்டைக் கழற்றினான்.
கடைசிப் பெட்டி ஏறிமுடியும்வரை
நெல்லைப் பார்த்தபடியே நின்றோம்.

மறுநாள் ஆபீஸில்,
"விசேஷம் எப்படி? படம் இருக்கா?"
செல்லை நீட்டினேன்.
கல், கோடு, வெள்ளை வேர்.
இரண்டு விரலால் பெரிதாக்கி
வெகுநேரம் தேடினார் ஹெட் கிளார்க்:
"இதுல யாருவே மாப்பிள்ளை?"